அப்டேட் போட்டதும் பாஸ்வேர்டு காணோம்: ரெக்ரஷன் என்பது என்ன?

மாதம் 19ஆம் தேதி, மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் பெண், எனக்குத் தங்கை முறை.

"ஏனுங்ணா, கம்ப்யூட்டர்ல இருந்த பாஸ்வேர்டு எல்லாம் காணமுங்ணா. காலைல ஏதோ அப்டேட்டுன்னு ஓடுச்சு, ரீஸ்டார்ட் ஆச்சு, அப்புறம் பார்த்தா ஒண்ணுமே இல்ல. நாளைக்கு 3பி போடோணும்."

ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது ஜிஎஸ்டி வரிக்குத் தாக்கல் செய்கிற படிவம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். அந்தத் தளத்தின் பாஸ்வேர்டு, ஈ-வே பில், பேங்க், துணி வாங்குகிறவர்களின் தளங்கள் எல்லாம் பிரௌசர் நினைவில்தான் இருந்தன. பாதிக்கு மேல் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

"ஒண்ணையும் தொடாத கண்ணு" என்றேன்.

"பிரௌசரை அழிச்சுப்போட்டு மறுக்காப் போட்டுட்டனுங்ணா."

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். அவள் கதை எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன் அவள் கேட்ட கேள்வியைப் பார்த்துவிடலாம். "அப்டேட்டு நல்லதுக்குத்தானுங்ணா வருது? அது எப்படி இருக்கறதைக் கெடுக்கும்?"

கெடுக்கும். அதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ரெக்ரஷன். தமிழில் பின்னடைவு என்கிறார்கள். ஓட்டு எண்ணுகிற நாளில் டிவியில் ஓடுகிற அதே சொல். நான் வேலை பார்க்கும் கோவை சரவணம்பட்டிப் பக்கத்து மென்பொருள் ஆபீஸ்களில் யாரும் பின்னடைவு என்று சொல்லிக் கேட்டதில்லை, "ரெக்ரஷன் வந்திருச்சு" என்பார்கள். எனவே இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு கிரைண்டரை பெல்ட் மாற்றக் கொடுக்கிறீர்கள். பெல்ட் புதிதாகி வந்துவிட்டது, சத்தம் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் மாவு அள்ளச் சாய்த்தால் டிரம் சாயமாட்டேன் என்கிறது. போன வாரம் வரை சாய்ந்தது. பெல்ட் மாற்றியவர் எதையோ கழற்றி வேறு மாதிரி மாட்டிவிட்டார். இதுதான் ரெக்ரஷன். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை, நடுவில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, கெட்டது அந்த மாற்றத்தால். மூன்றாவதையும் நிரூபித்தால்தான் அந்தப் பெயர். புதிதாக வந்த வசதி ஓடவில்லை என்றால் அது வெறும் பிழை, அதை நம்பி இன்னும் யாரும் பிழைப்பு நடத்தவில்லை. ரெக்ரஷன் கெடுப்பதோ நாம் ஏற்கெனவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிற சுவரை.

அம்மிச்சியின் சாவிக்கொத்து

சேமித்த பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது எப்படிக் கெடும் என்பது புரியும்.

அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. எங்கள் அம்மிச்சி வீட்டில் நகை பீரோவில் இருக்கும். பீரோச் சாவி ஒரு மரப்பெட்டியில். மரப்பெட்டியின் சாவி அம்மிச்சி இடுப்பில் செருகியிருக்கும் கொத்தில். நகை வேண்டுமென்றால் முதலில் அம்மிச்சி வேண்டும், அப்புறம் பெட்டி, அப்புறம் பீரோ. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நகை கைக்கு வராது. ஆனால் நகை வீட்டை விட்டு எங்கேயும் போயிருக்காது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பாஸ்வேர்டுகள் 'லாகின் டேட்டா' என்ற ஒரு கோப்பில் இருக்கின்றன, அதுதான் பீரோ. உள்ளே ஒவ்வொரு பாஸ்வேர்டும் பூட்டிய நிலையில் கிடக்கும். எந்தத் தளம், என்ன பெயர் என்பது வெளியே தெரியும். திறக்கும் சாவி வேறொரு கோப்பில், 'லோக்கல் ஸ்டேட்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்படியே போட்டு வைக்கவில்லை, விண்டோஸின் டிபிஏபிஐ என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அதைத் திறப்பது நீங்கள் காலையில் கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது கொடுக்கிற அடையாளம். அம்மிச்சியின் இடுப்பு என்பது அதுதான்.

ஃபயர்ஃபாக்ஸின் ஏற்பாடு கொஞ்சம் வேறு. பாஸ்வேர்டுகள் 'லாகின்ஸ் டாட் ஜேசன்' என்ற கோப்பில், சாவி 'கீ4 டாட் டிபி' என்ற கோப்பில். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பிரயோஜனம். ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய்விட்டு "பேக்கப் இருக்குதுங்க" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பீரோவைத் தூக்கிக்கொண்டு சாவியை வீட்டில் விட்டுவிட்ட கதை.

இவ்வளவு சுற்று எதற்கு என்று தோன்றலாம். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து யாராவது கோப்பை மட்டும் திருடிப் போனால் அவருக்குப் பயன்படக்கூடாது என்பதற்கு. திருடனுக்கு வைத்த கஷ்டம், கண்ணி அறுந்த அன்றைக்கு நமக்கும் கஷ்டம்.

இன்னொரு சங்கதி முக்கியம். மற்ற வசதிகள் அன்றன்றைக்கு முடிந்துவிடும். பட்டனை அழுத்தினால் பிரிண்ட் வருகிறதா இல்லையா, அவ்வளவுதான். பாஸ்வேர்டு சேமிப்பு அப்படியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இருந்த பழைய பதிப்பு எழுதி வைத்ததை இன்றைய பதிப்பு படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதியவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர். இந்த இடத்தில்தான் ரெக்ரஷன் ஒளிந்துகொள்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி தேவைப்படும்.

எந்தக் கண்ணி அறுந்தது?

நிஜமாக நடந்த சிலவற்றைப் பார்க்கலாம்.

2024 ஜூலை 24 அன்று, விண்டோஸில் குரோம் 127ஆம் பதிப்பு வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, சேமித்த பாஸ்வேர்டுகள் திடீரென்று கண்ணில் படவில்லை. புதிதாகச் சேமித்தாலும் காணவில்லை. ஏறக்குறைய 18 மணி நேரம் இப்படி. குரோம் பயன்படுத்துகிறவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஒரு மாற்றத்தை அனுப்பியதாகவும், அவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் வந்ததாகவும் கூகுள் சொன்னது. ஒரு நடத்தை மாற்றத்தை, தேவைப்பட்டால் அணைத்து வைக்கிற தடுப்புச் சுவிட்ச் சரியாக இல்லாமல் வெளியே விட்டுவிட்டோம் என்பது அவர்கள் கொடுத்த காரணம். சரி செய்யும் வரை சமாளிக்க ஒரு வழியும் கொடுத்தார்கள்: குரோமைத் திறக்கும்போதே ஒரு சிறப்புக் கட்டளை சேர்த்துத் திறக்க வேண்டும். அந்தக் கட்டளையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'திறக்க முடியாத பாஸ்வேர்டுகளைத் தாண்டிப் போ'. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெட்டி திறக்கவில்லை என்பதற்காக மொத்தப் பீரோவையும் சாத்திவிடுகிற மென்பொருள்கள் உண்டு என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. சிக்கல் சரியானதும் குரோமை மூடித் திறக்கச் சொன்னார்கள், பாஸ்வேர்டுகள் பழையபடி வந்தன. நகை உள்ளேயே இருந்திருக்கிறது.

2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10இன் 2004 என்ற பதிப்பில் நடந்தது இன்னும் விசித்திரம். குரோம், அவுட்லுக் என்று சம்பந்தமில்லாத மென்பொருள்கள் எல்லாம் பாஸ்வேர்டை மறந்து மறந்து போயின. ஆளாளுக்கு பிரௌசரைத் திட்டினார்கள். ஆனால் எல்லாமே ஒரே நேரத்தில் மறக்கிறது என்றால் பீரோக்களில் தப்பில்லை, அம்மிச்சியைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸில் குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் வேலைகளை 'டாஸ்க் ஷெட்யூலர்' கவனித்துக்கொள்ளும். அதில் ஒரு குறிப்பிட்ட வகை வேலை ஓடும்போது விண்டோஸ் தன் சாவியையே தொலைத்தது. அந்த வேலைகளை நிறுத்தி வைத்தால் சிக்கல் நின்றது. முழுத் திருத்தம் 2021 தொடக்கத்தில்தான் வந்தது. ஒன்று கெட்டால் அதைச் சந்தேகி, சேர்ந்து கெட்டால் அவை எல்லாம் சாய்ந்திருக்கும் தூணைச் சந்தேகி என்று நான் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்வது இந்தச் சம்பவத்தை வைத்துத்தான்.

2019இல் ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு வந்தது வெளியாள் வேலை. ஏவிஜி ஆண்டிவைரஸின் ஒரு அப்டேட், பாஸ்வேர்டுக் கோப்பைப் பாதுகாக்கிறேன் என்று கை வைத்ததில், ஃபயர்ஃபாக்ஸ் அந்தக் கோப்பைக் கெட்டுப்போனதாக நினைத்து, பெயருக்குப் பின்னால் 'கரப்ட்' என்று ஒட்டி ஓரமாக வைத்துவிட்டது. பெயரைப் பழையபடி மாற்றினால் போதும், எல்லாம் திரும்பி வரும். இதில் பிரௌசர் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாறினார்.

கடைசியாக, யாருமே தப்பு செய்யாமலும் காணாமல் போகும். 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் தாக்கல் தளம் புது முகவரிக்குக் குடிபோனது. பழைய முகவரியில் 'இந்தியா', 'ஈஃபைலிங்' என்றெல்லாம் நீளமாக இருந்தது, புதியது வெறும் 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்'. பிரௌசர் பாஸ்வேர்டை முகவரியோடு சேர்த்துத்தான் எழுதி வைக்கும், வேறு முகவரியில் தானாக நிரப்பாது. நிரப்பவும் கூடாது. நிரப்பினால் போலித் தளம் வைத்திருப்பவனுக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு எத்தனை ஆடிட்டர் ஆபீஸ்களில் "பாஸ்வேர்டு போயிருச்சு" என்று சத்தம் வந்திருக்குமோ. போகவில்லை, பழைய முகவரியின் பேரில் பட்டியலில் அப்படியே இருந்திருக்கும்.

காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்

இப்போது திருப்பூருக்கு வருகிறேன்.

அவளிடம் முதலில் கேட்டது, காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல் என்று. அப்டேட் ஓடியது, ரீஸ்டார்ட் ஆனது. "அப்புறம்?" "பின் நம்பர் கேக்கல, பாஸ்வேர்டு கேட்டுச்சு. இத்தனை நாளா நாலு நம்பர்தானுங்ணா போட்டுட்டு இருந்தோம், பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?" "அப்புறம்?" "சர்வீஸ் பையன் வந்து, வேற அட்மின் வழியா உள்ள போயி, புதுப் பாஸ்வேர்டு வெச்சுக் குடுத்துட்டுப் போனானுங்ணா."

அங்கேதான் இருந்தது விஷயம். உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டை நீங்களே, பழையதைக் கொடுத்துவிட்டு மாற்றினால், விண்டோஸ் உள்ளே இருக்கும் சாவிகளைப் பழைய பூட்டிலிருந்து எடுத்துப் புதிய பூட்டுக்கு மாற்றிக்கொள்ளும். வேறொருவர் அட்மின் அதிகாரத்தில் பழையது தெரியாமலே புதியதைத் திணித்தால் அந்த மாற்றம் நடக்காது. அம்மிச்சி இருக்கிறார், இடுப்பில் கொத்தும் இருக்கிறது, ஆனால் மரப்பெட்டிக்கு அது சேராது. இது ஒருவகையில் வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. இல்லையென்றால் ஆபீஸில் அட்மின் அதிகாரம் வைத்திருக்கும் எவரும் உங்கள் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே நுழைந்து பேங்க் வரைக்கும் போய்விடலாம்.

ஆக, அப்டேட் வந்தது உண்மை, பாஸ்வேர்டுகள் போனதும் உண்மை. ஆனால் ஒன்றால் மற்றொன்று ஆகவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அப்டேட் இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் இல்லை, ரீஸ்டார்ட் இல்லாவிட்டால் பையன் வந்திருக்கமாட்டான் என்று சுற்றி வளைத்து வாதாடலாம்தான். ஆனால் திருத்தம் தேடுகிறவனுக்கு அந்த வாதம் உதவாது.

பழைய பாஸ்வேர்டு யாருக்காவது நினைவு வந்தால் அதையே மறுபடி வைத்து டிபிஏபிஐயைத் திறக்க வழி உண்டு. ஆனால் சில மென்பொருள்கள் சாவி திறக்கவில்லை என்றதும் கேட்காமல் புதுச் சாவி ஒன்றைச் செய்து பழையதன் மேலேயே எழுதிவிடும், குரோமும் அப்படிச் செய்யக்கூடியதுதான். அதற்கு அப்புறம் பழைய நகை பீரோவில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். அவள் பிரௌசரை வேறு ஒருமுறை எடுத்துப் போட்டிருந்தாள்.

காப்பாற்றியது முதலாளியின் போன். ஒரு வருஷத்துக்கு முன், கம்ப்யூட்டர் பிரௌசரில் போட்டிருந்த அதே கணக்கில் போனிலும் உள்ளே நுழைந்து வைத்திருந்தார், பாஸ்வேர்டுகள் அங்கேயும் நகலாகி இருந்தன. ஜிஎஸ்டியும் பேங்க்கும் கிடைத்தன. சிலது கிடைக்கவில்லை, 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தி ஒவ்வொன்றாக வாங்கினாள். 3பி 20ஆம் தேதி மதியம் போனது.

இந்த மாதிரி நாளில் முதல் பத்து நிமிஷம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் கை துறுதுறு என்று இருக்கும். பிரௌசரை அழித்துப் போடுவது, 'கிளியர் டேட்டா' கொடுப்பது, கணக்கிலிருந்து வெளியே வந்து உள்ளே போவது, எல்லாமே பீரோவைக் கவிழ்க்கிற வேலை. நகல் போகும் கணக்காக இருந்தால், இங்கே அழிப்பது போனிலும் அழியும். அதற்குப் பதில் பிரௌசரை முழுதாக மூடிவிட்டு, குரோம் என்றால் 'யூசர் டேட்டா' ஃபோல்டரை, ஃபயர்ஃபாக்ஸ் என்றால் புரொஃபைல் ஃபோல்டரை, அப்படியே இன்னொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். குரோம் நகலை வேறு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் ஒட்டினால் திறக்காது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும், அந்த ஊரில் அம்மிச்சி இல்லை.

நகலெடுத்த பிறகு பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் தளத்தின் பெயர் இருக்கிறது, ஆனால் லாகின் பக்கத்தில் நிரப்பவில்லை என்றால் முகவரியோ பக்கமோ மாறியிருக்கலாம். பட்டியலே காலி என்றால் சாவியோ கோப்போ. பாஸ்வேர்டு நிரம்புகிறது, ஆனால் தினமும் காலையில் புதிதாக உள்ளே நுழையச் சொல்கிறது என்றால் அது வேறு கதை: அங்கே தொலைவது குக்கி, அதாவது தளம் கொடுத்த நுழைவுச் சீட்டு. பாஸ்வேர்டு அடையாள அட்டை மாதிரி, குக்கி அன்றைக்குக் கொடுத்த டோக்கன் மாதிரி. விண்டோஸில் அப்போது இரண்டையும் பூட்டியது ஒரே ஏற்பாடு என்பதால் 2020இல் இரண்டும் சேர்ந்தே தொலைந்தன, அதனால்தான் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது.

பாஸ்வேர்டுகளைக் கோப்பாக எடுத்து வைக்கும் வசதியும் பிரௌசரில் உண்டு. ஆனால் அது பூட்டாத வெறும் எழுத்து. அதை வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வதை விட, நூல் கம்பெனி கொடுத்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவுக்குள் வைப்பது மேல் என்பேன். பாதுகாப்பு நிபுணர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பைப்பை நடுவில் தோண்டு

சரி, நிஜமாகவே அப்டேட்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாற்றம்? ஒரு அப்டேட்டில் நூறு மாற்றம் இருக்கும்.

கிணற்றிலிருந்து தோட்டத்துக்குப் பூமிக்கடியில் பைப் போகிறது. மோட்டார் ஓடுகிறது, கடைசியில் தண்ணீர் வரவில்லை. வழியில் 64 இணைப்புகள். மோட்டாரிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டு போனால் பொழுது விடியும். விவரம் தெரிந்தவர் நடுவில் தோண்டுவார். அங்கே தண்ணீர் இருந்தால் உடைப்பு அதற்கு அப்பால் போகிற பாதியில். இல்லையென்றால் மோட்டார் பக்கத்துப் பாதியில். மிச்சத்தில் மறுபடி நடு. 64 இணைப்புக்கு ஆறு குழி போதும். ஆயிரம் என்றாலும் பத்துக் குழிதான்.

மென்பொருளில் இதற்கு பைசெக்ட் என்று பெயர். மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் 'கிட்' என்ற கருவியில் இது கட்டளையாகவே இருக்கிறது. ஓடிய பழைய பதிப்பை 'குட்' என்றும் ஓடாத புதியதை 'பேட்' என்றும் குறித்துக் கொடுத்தால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்து "இது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே போகும். ஃபயர்ஃபாக்ஸுக்கு 'மோஸ்ரெக்ரஷன்' என்றே ஒரு கருவி உண்டு, நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். நல்ல தேதி ஒன்று, கெட்ட தேதி ஒன்று கொடுத்தால் இடையில் வந்த தினசரிப் பதிப்புகளை இறக்கி இறக்கித் திறந்து காட்டும்.

நான் நேரில் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். டெலிவரி சலான் போடுகிற ஒரு போன் ஆப். நிட்டிங்குக்கு நூல் போகும்போதும், டையிங்குக்குத் துணி போகும்போதும் குடோனில் இருப்பவர் அதில்தான் பதிவார். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, தினமும் தானாக உள்ளே போய்க்கொண்டிருந்த ஆப் சிலருக்கு மட்டும் "பெயரும் பாஸ்வேர்டும் கொடு" என்று நின்றது. எல்லோருக்கும் இல்லை. எங்கள் மேஜையில் இருந்த ஏழு போனிலும் ஒழுங்காக ஓடியது.

"எங்ககிட்ட ஓடுதே" என்பது இந்தத் தொழிலின் மிகக் கெட்ட வாக்கியம். நாங்களும் சொன்னோம்.

அப்புறம் ஒரு குடோன்காரரிடமிருந்து வந்த தகவல்தான் பிடி கொடுத்தது. பழைய பதிப்பு எது, புதியது எது, என்றைக்கு ஏறியது, அன்று முதல் சலான் போட்டது எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். சரக்கு வரவு எழுதிப் பழகிய கை. கூடவே ஒரு வரி: "ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டா சரியாப் போகுதுங்க. ஆனா இன்னொரு போன்ல அழிக்காம வெச்சிருக்கனுங்க, பாக்கறதுன்னா வாங்க."

அந்தக் கடைசி வரிக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அழித்துப் போட்டால் சரியாகிறது என்றால் தப்பு பழைய டேட்டாவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் சோதித்ததெல்லாம் புதிதாக இன்ஸ்டால் செய்த போன்கள். பழைய பதிப்பு எழுதியது எதுவும் அவற்றில் இல்லை, பிறகு புதிய பதிப்பு எதைப் படிக்கத் தவறும்? பழையதைப் போட்டு, அதில் உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டைச் சேமித்து, அதன் மேல் அப்டேட் ஏற்றினால்தான் இந்த நோய் தெரியும். அந்தச் சோதனையை அலுப்பு என்று நாங்கள் தள்ளிவிட்டிருந்தோம்.

இரண்டு பதிப்புக்கும் நடுவில் நாற்பது சொச்சம் மாற்றங்கள். அவர் போனில் இருந்தவாறே பெயரைச் சேமித்து வைத்துக்கொண்டு பைசெக்ட் ஓட்டினோம். ஆறாவது குழியில் ஆள் அகப்பட்டது. ஒரே ஒரு வரி. பெயருக்கு முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த இடைவெளியை வெட்டிவிடுகிற வரி.

நல்ல எண்ணத்தில் போட்டதுதான். கடைசியில் ஒரு ஸ்பேஸ் விழுந்ததால் உள்ளே போக முடியவில்லை என்று முன்பு புகார் வந்திருந்தது, அதற்காகச் சேர்த்தது. ஆனால் பழைய பதிப்பு, அடித்தது அடித்தபடி, ஸ்பேஸோடு சேர்த்துப் பெயரை எழுதி வைத்து அந்தப் பெயரில்தான் பாஸ்வேர்டைச் சேமித்திருந்தது. புதிய பதிப்பு ஸ்பேஸை வெட்டிவிட்டுத் தேடியது. "முருகேசன்" என்று கூப்பிட்டால் "முருகேசன்-ஒரு-இடைவெளி" எப்படித் திரும்பிப் பார்ப்பார்? பெட்டியும் சரி, சாவியும் சரி, ஒட்டியிருந்த சீட்டில்தான் எழுத்து மாறியிருந்தது.

அந்த வரியை அப்படியே எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடுத்தால் பழைய புகார் திரும்பி வரும், போதாததற்குப் புதிய பதிப்பில் ஸ்பேஸ் இல்லாமல் சேமித்தவர்களில் சிலர் வெளியே நிற்பார்கள். எனவே திருத்தம் இப்படி ஆனது: முதலில் வெட்டிய பெயரில் தேடு, கிடைக்காவிட்டால் பழைய முறையிலும் ஒருமுறை தேடு, அங்கே கிடைத்தால் புதிய பெயரில் எழுதிவை, புதியதிலிருந்து ஒருமுறை சரியாக உள்ளே போன பிறகுதான் பழையதை அழி. கடைசி வாக்கியத்துக்காக நான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

திருத்தம் போன அன்று குடோன்காரரைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்ததுங்க, அதுதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நான் போடலீங்களே" என்றார். "பேரு பாதி அடிச்சதும் கீபோர்டு மேல முழுசாக் காட்டுமுங்க, அதைத் தொட்டேன். ஸ்பேஸு அதுவாப் போட்டுக்கிச்சுங்க."